மைக் அழுந்திக் கிடந்த காலை

ரோவெனாவின் கனவில் கயிறு முடியவே இல்லை.

கடலடியிலிருந்து இறால் கூண்டு இதோ வரும், இதோ வரும் என்று இழுத்துக்கொண்டே இருந்தாள். ஈரக் கயிறு படகை நிறைத்து, வீட்டுக்குள் நுழைந்து, அடுப்பைச் சுற்றிச் சுருண்டு, மாடிப்படி ஏறியது. கூண்டு மட்டும் வரவில்லை. விழித்தபோது வலது கை இடது மார்பின் மேல், சின்னக் கட்டுப் போட்டிருந்த இடத்தில் கிடந்தது.

போன வாரம் அவளை எங்கே விட்டோம் என்று உங்களுக்கு நினைவிருக்கும். குளிக்கும்போது விரலில் தட்டுப்பட்ட கட்டி, நகரத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு எடுத்த துளிச் சதை. முடிவை வியாழக்கிழமை போனில் சொல்கிறோம் என்று அனுப்பிவைத்தார்கள். விஷயம் தெரிந்தவள் மகள் டெஸ் ஒருத்திதான். கணவன் மெரிலிடம் ரோவெனா, கடைவாய்ப் பல் பிடுங்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

மெரிலும் நம்பினான். நம்பியதோடு விட்டானா? அன்றிலிருந்து அவளுக்கு மூன்று வேளையும் மசித்த உருளைக்கிழங்குதான். மொறுமொறுப்பான ரொட்டிக்கு நாக்கு ஏங்க, ஒரு பக்கமாக மெல்லுவது போல் நடித்துக்கொண்டிருந்தாள் பாவி.

இன்று வியாழக்கிழமை.

“பல் எப்படி இருக்கு, ரோ?” மெரில் பானையைக் கிண்டியபடியே கேட்டான்.

“பரவால்ல.”

“வெளிய வீக்கமே தெரியலையே.”

“உள்ளுக்குள்ள இருக்கு.”

அதைச் சொன்னபோது அவள் பொய் சொல்லவில்லை.

“பனி என்னமா இறங்கியிருக்கு பாரு. இன்னிக்கு ஒரு நாள் வீட்டுல இரேன். டெஸ் என் படகுல வரட்டும்.”

“வீட்டுல உக்காந்து சுவத்தையா பாக்கச் சொல்றே?”

“சரி, போ. சொன்னா கேக்கற ஆளா நீ?” பிளாஸ்க்கை அவள் கையில் வைத்தான். “சூப்பு. ஆறவச்சு ஊத்தியிருக்கேன். சூடு பட்டா பல்லு கூசும்.”

அந்த ஆறிய சூப்புக்காகவே அவளுக்கு அழுகை வந்தது. மழைச்சட்டையின் கொக்கியை மாட்டுவது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் ஹேலட் துறையில் யாரும் கேட்கமாட்டோம். மெரிலின் தங்கை ஜூனிக்கும் மார்பில் கட்டிதான் வந்தது. வாரம் தவறாமல் அவளை வண்டியில் நகரத்துக்கு அழைத்துப் போய் வந்தவன் மெரில்தான். அவள் போன பிறகு ஒரு குளிர்காலம் முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து கூண்டுக்கு வலை பின்னினான். யாரோடும் பேச்சில்லை. அவன் பின்னித் தள்ளிய வலைக்கு இந்தத் துறையில் உள்ள கூண்டெல்லாம் சேர்ந்தும் போதவில்லை. வசந்தத்தில் எழுந்து வந்து தன் படகின் நெற்றியில் ஜூனி என்று எழுதினான். அதோடு சரி. அந்தப் பெயரை அவன் வாய் திறந்து சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ரேடியோவில் எல்லோரும் படகின் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பிப்போம். மெரில் மட்டும் “நான்தான்” என்பான்.

நான் துறையில் கொட்டகை போட்டு, கூண்டுக்கு வைக்கும் இரை விற்பவள். தராசுக்கு மேலே என் ரேடியோ காலை முதல் ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு நடந்ததில் பாதியை என் காதால் கேட்டேன், மீதியை டெஸ் வாயால் கேட்டேன்.

மூடுபனியில் கடல் என்பது படகைச் சுற்றி ஓர் அறை அளவுக்குத்தான். அந்த அறையும் நம்மோடு கூடவே நகரும். அதற்கு வெளியே இருப்பதையெல்லாம் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். காதையும் முழுக்க நம்ப முடியாது. எங்கோ அடிக்கும் மணி தோளுக்குப் பின்னால் அடிக்கும். பக்கத்தில் போகும் படகு அடிவானத்தில் முனகும்.

ரோவெனா மெதுவாகப் படகை ஓட்டினாள். படகின் பெயரும் டெஸ்தான். தன் பெயருள்ள படகிலேயே தனக்கு வேலைக்காரி உத்தியோகம் என்று டெஸ் அடிக்கடி அலுத்துக்கொள்வாள். இன்று அலுத்துக்கொள்ளவில்லை. அம்மாவைக் கனமாக எதையும் தூக்கவிடாமல், எல்லாக் கூண்டையும் தானே விளிம்பில் ஏற்றி, சிங்கி இறால்களை எடுத்து, இரை வைத்துத் திரும்ப இறக்கிக்கொண்டிருந்தாள்.

பனிக்குள் சிவப்பாக ஏதோ ஆடியது.

ஜூனியின் கம்பளித் தொப்பி என்று ரோவெனா நினைத்தாள். அப்படித்தான் மனசில் பட்டது. ஜூனி தண்ணீரில் மார்பளவு நின்றுகொண்டு, ‘என்ன ரோ, இவ்வளவு நேரம்?’ என்று கேட்கப் போவது போல இருந்தது. பயமாக இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. நெருங்கிப் பார்த்தால் யாருடையதோ கூண்டு மிதவை.

“அம்மா? படகை ஏன் நிறுத்தினே?”

“ஒண்ணுமில்ல. பெல் பாறை வந்தாச்சு. போனை எடு.”

எங்கள் வளைகுடாவில் போன் பேச வேண்டுமென்றால் எச்சரிக்கை மணி கட்டிய பெல் பாறைக்குத்தான் வரவேண்டும். அங்கேயும் படகின் முன் ஜன்னலை ஒட்டி ஒரு சாண் இடத்தில்தான் சிக்னல் நிற்கும். ரோவெனா போனை அங்கே நிறுத்தினாள். சரிந்தது. தீக்குச்சிப் பெட்டியை முட்டுக் கொடுத்தாள். மறுபடி சரிந்தது. கடைசியில் ரேடியோவின் மைக்கைக் கொக்கியிலிருந்து எடுத்து, போனுக்கும் ஜன்னல் சட்டத்துக்கும் நடுவே இறுக்கிச் செருகினாள். போன் சிலை மாதிரி நின்றது.

மைக்கின் பக்கத்துப் பொத்தானும் நன்றாக அழுந்தியது. அதை இருவருமே பார்க்கவில்லை.

பொத்தான் அழுந்தியிருக்கும்வரை அந்தப் படகுக்கு வேறு யார் குரலும் கேட்காது. மற்ற எல்லோருக்கும் அந்தப் படகின் குரல் மட்டும்தான் கேட்கும். புது ரேடியோவாக இருந்தால் கொஞ்ச நேரத்தில் தானே அணைந்துவிடும். ரோவெனாவின் ரேடியோ அவளுடைய அப்பா காலத்தது.

“இன்னிக்கு ஒருத்தனும் வாயே திறக்கலையே,” என்றாள் ரோவெனா, ரேடியோவைப் பார்த்து. “பனின்னா அவ்வளவு பயமா எல்லாருக்கும்?”

“ஹார்லன் கூடவா?” டெஸ் சிரித்தாள்.

“அவனுக்கென்ன! கண்ணாடி முன்னாடி நிப்பான். தலைக்கு மை போடறான்டி அவன். அன்னிக்கு மழையில காதோரமா கறுப்பா வழிஞ்சுது, என் ரெண்டு கண்ணால பாத்தேன்.”

ஹார்லன் யார் என்றால், மெரில் தன் எல்லைக்குள் மிதவை போட்டுவிட்டான் என்று அவனோடு சண்டை போட்டு, அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தோடு முகம் கொடுத்துப் பேசாதவன். என் இரைக் கொட்டகையில் நாங்கள் சிரித்தோம். யாரோ, “பொத்தான் மாட்டிக்கிச்சு, இன்னிக்கு நல்ல கூத்து,” என்றார்கள். நான் சத்தத்தைக் கூட்டினேன்.

“அம்மா,” என்றது டெஸ்ஸின் குரல். “அவங்க கேன்சர்னு சொன்னா என்ன பண்ணுவே?”

சிரிப்பு அப்படியே நின்றது.

“படகுல அந்த வார்த்தையைச் சொல்லாதே!”

“நான் என்ன, பன்னின்னா சொன்னேன்?”

“ஐயோ, இப்ப அதையும் சொல்லிட்டியா! கட்டையைத் தொடு. தொடுடி!”

எங்கள் படகுகளில் பன்றி என்ற சொல் கூடாது; வாய் தவறினால் உடனே மரத்தைத் தொட வேண்டும். நீலச் சாயம் கூடாது. கிடங்கு மூடியைக் கவிழ்த்து வைக்கக் கூடாது. மற்ற நாளாக இருந்தால் கொட்டகை வெடித்துச் சிரித்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை.

கயிறு ஏறும் சத்தம் கேட்டது. கூண்டுக்குள் பெரிய பெண் இறால் ஒன்று, வாலில் முக்கோணமாக வெட்டிய தழும்போடு இருந்திருக்கிறது. முட்டை சுமக்கும் பெண்ணைப் பிடித்தால் வாலில் அப்படி ஓர் அடையாளம் வெட்டிக் கடலில் விட்டுவிடுவது எங்கள் வழக்கம். பிறகு அது யார் கூண்டில் ஏறினாலும், முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், திரும்பக் கடலுக்குத்தான் போகும்.

“எனக்கும் ஒண்ணு வச்சிருக்காங்க தெரியுமா,” என்றாள் ரோவெனா. “ஊசி போட்ட இடத்துல, உள்ள. அரிசி அளவு கூட இருக்காது, ஏதோ உலோகமாம். மறுபடி தேடணும்னா இடம் தெரியணுமாம். அடையாளம் போட்ட பொம்பளை நான்.”

“அப்ப உன்னையும் கடல்ல தூக்கி விட்டுடறதா?”

“விட்டுடு. நல்லா இருக்கும். கொஞ்ச நேரம் கீழ போய்ச் சும்மா கிடப்பேன்.”

“அம்மா.”

“பயமா இருக்குடி.” குரல் உடைந்தது. “ராத்திரி பூரா கயிறு இழுக்கறேன், கூண்டே வரமாட்டேங்குது. வந்துட்டாலும் பரவால்ல. உள்ள என்ன இருக்குன்னு பாத்துடலாம். வராம இருக்கு பாரு, அதுதான் தாங்க முடியல.”

“அப்பாகிட்ட சொல்லிடும்மா.”

“உங்க அப்பாகிட்டயா? பித்துப் பிடிச்சிருக்கா உனக்கு? ஜூனி போனதிலேருந்து அவ பேரை ஒரு தடவை வாயில எடுத்திருக்காரா? நான் வேற போய் நின்னா, நேரா அந்தக் கொட்டகைக்குள்ள போய் உக்காந்துடுவாரு. இந்தத் தடவை எழுந்து வரமாட்டாரு. எனக்கு வந்தா நான் தாங்கிக்குவேன். அந்த மனுஷன் தாங்கமாட்டாரு.”

கொட்டகையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. வேறு சானலுக்கு மாற்றியிருக்கலாம். கை வரவில்லை. வளைகுடா முழுக்கப் பனிக்குள் ஒவ்வொரு படகும் அவரவர் இடத்தில் நின்று அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதில் ஒரு படகு மெரிலுடையது.

கொஞ்ச நேரத்தில் பெல் பாறைக்கு அருகே ஒரு படகின் மூக்கு பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. ஹார்லன்.

ரோவெனா எழுந்து நின்றாள். “என்ன, இங்கயும் உன் எல்லைதானா?” என்று ஆரம்பித்தாள்.

ஹார்லன் படகை நெருக்கி நிறுத்தினான். தொப்பியைக் காது வரை இறக்கிவிட்டிருந்தான். கையை வாய்க்கு அருகே கொண்டுபோய், கட்டைவிரலால் எதையோ அழுத்துவது போலக் காட்டி, பிறகு அவளுடைய ஜன்னலைச் சுட்டினான்.

அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள்.

எங்கள் துறையில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. மைக்கைப் பிடுங்கினாள். போன் குப்புற விழுந்தது. முகம் முதலில் சிவந்து, பிறகு வெளுத்ததாம்.

“எதுலேருந்து கேட்டுச்சு?”

“என் தலைமயிர்லேருந்து,” என்றான் ஹார்லன்.

“ஐயோ.”

“அது மை இல்ல. எஞ்சின் ஆயில்.” தொப்பியை இன்னும் கீழே இழுத்தான். பிறகு, திட்டுகிற குரலிலேயே சொன்னான். “அடையாளம் போட்டதை இந்தத் துறையில எவனும் எடுக்கமாட்டான், ரோவெனா. என் கூண்டுல ஏறினாலும் சரி, உன் புருஷன் கூண்டுல ஏறினாலும் சரி. திருப்பி விட்டுடுவோம். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.”

படகைத் திருப்பினான். ஆனால் போய்விடவில்லை. பனியில் அவன் உருவம் கரைந்தது, எஞ்சின் சத்தம் மட்டும் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

மைக்கைக் கையில் பிடித்தபடி ரோவெனா நின்றாள். எத்தனை பேர் கேட்டார்கள் என்று யோசித்தாள், யோசிப்பதை விட்டாள். அப்போது ரேடியோவில் ‘டக் டக்’ என்று ஒரு சத்தம்.

பேச முடியாதபோது, கையில் வேலை இருக்கும்போது, நாங்கள் பொத்தானை இரண்டு முறை தட்டுவோம். கேட்டுக்கொண்டேன் என்று அர்த்தம். அந்த டக் டக் அடங்குவதற்குள் இன்னொன்று. பிறகு தூரத்திலிருந்து மெலிதாக ஒன்று. ஒருவரும் பேசவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. கண்ணுக்குத் தெரியாத படகுகள் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே இருந்தன. கூரையில் முதல் மழை விழுவது போல இருந்தது என்றாள் டெஸ். நானும் என் ரேடியோவில் தட்டினேன்.

பிறகு எல்லாம் அடங்கியது. மெரிலின் குரல் வரவில்லை.

“அப்பா கேட்டிருக்கமாட்டாரோ என்னவோ,” என்றாள் டெஸ்.

ரோவெனா ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினாள். அவள் கண்ணுக்குள் மெரிலின் வலைக் கொட்டகையும், திரும்பாத முதுகும்தான் தெரிந்தன.

ரேடியோ கரகரத்தது. யாரோ பொத்தானை அழுத்திவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். மூச்சு மட்டும் கேட்டது. விட்டார்கள். மறுபடி அழுத்தினார்கள்.

“ஜூனி.”

கொட்டகையில் என் பக்கத்தில் நின்றவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஜூனி பேசுது,” என்றான் மெரில். அவன் குரல் அவனுக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும், நடுவில் நின்று நின்று வந்தது. “டெஸ்ஸைக் கூப்பிடுது ஜூனி. ரோ, அங்கயே இரு. நான் பெல் பாறைக்கு வந்துட்டிருக்கேன். எங்கயும் போயிடாதே.”

ரோவெனா மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். பொத்தானை இரண்டு முறை தட்டினாள்.

பனிக்குள்ளிருந்து முதலில் வந்தவை எழுத்துகள்தான். மெரில் தன் கையால் எழுதிய ஜூனி. அதற்குப் பின்னால் படகு, அதற்குப் பின்னால் அவன். இரண்டு படகும் உரசி நின்றன. டெஸ் கயிற்றைப் பிடித்துக் கட்டினாள். விளிம்பைத் தாண்டிக் குதித்தவன், அவளைத் தொடாமல், ஒரு கை தூரத்தில் நின்றான்.

“நாலு நாளா உருளைக்கிழங்கு மசிச்சேன்,” என்றான்.

“நல்லாத்தான் இருந்துது.”

“நல்லா இல்ல. எனக்குத் தெரியும். உப்பே போடல. புண்ணுல பட்டா எரியும்னு.”

அவ்வளவுதான். ரோவெனா அழுதாள். ஆஸ்பத்திரியில் அழாதவள், கனவில் அழாதவள், உப்பில்லாத கிழங்குக்கு உரக்க அழுதாள். அவன் எந்தப் பக்கம் அணைப்பது என்று தெரியாமல் தடுமாறி, வலது தோளைப் பிடித்துக்கொண்டான்.

“நீ மறுபடி கொட்டகைக்குள்ள போயிடுவேன்னு பயந்தேன், மெரில்.”

“போவேன்தான். பொய் சொல்லமாட்டேன். எனக்கு வேற என்ன தெரியும்?” அவன் மூக்கை உறிஞ்சினான். “இந்தத் தடவை நீயும் வந்து உக்காரு. நான் பின்னறேன், நீ நூல் சுத்திக் குடு. அவ இருந்தப்ப அவளையும் அப்படிக் கூட்டிட்டு வந்து உக்கார வச்சிருக்கணும். வண்டியில ஏத்தினேன், இறக்கினேன். பயமா இருக்கான்னு ஒரு தடவை கூடக் கேக்கல.”

“கேளு.”

“என்ன?”

“என்னைக் கேளு.”

“பயமா இருக்கா, ரோ?”

“ரொம்ப.”

“எனக்கும்,” என்றான் மெரில்.

படகுகள் ஒன்றையொன்று மெதுவாக இடித்துக்கொண்டன. பாறை மணி எங்கிருந்தோ அடித்தது. ரோவெனாவுக்கு, கயிறு கையை விட்டுப் போனது போல இருந்தது. கூண்டு இன்னும் வரவில்லை. ஆனால் இழுக்கிற கைகள் கூடியிருந்தன.

டெஸ் குப்புற விழுந்த போனை எடுத்து மறுபடி ஜன்னலோரம் நிறுத்தினாள். இந்த முறை மைக்கை முட்டுக் கொடுக்கவில்லை, தன் உள்ளங்கையைக் கொடுத்தாள். போன் சிக்னலைத் தேடிப் பிடித்த கையோடு அதிர ஆரம்பித்தது.

“அம்மா. ஆஸ்பத்திரி நம்பர்.”

ரோவெனா கையை நீட்டினாள். கை பாதியிலேயே நின்றது. “எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது,” என்றாள், சாக்குப் போல.

மெரில் தன் படகுக்குள் எட்டிச் சாவியைத் திருகினான். டெஸ் படகின் எஞ்சினையும் நிறுத்தினான். கொக்கியிலிருந்து மைக்கை எடுத்து, “போன் வந்திருக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டு, பொத்தான் மேலே எழும்பியிருக்கிறதா என்று தடவிப் பார்த்துத் திரும்ப மாட்டினான்.

பக்கத்தில் எங்கோ ஹார்லனின் எஞ்சின் நின்றது. பிறகு அதற்கு அப்பால் ஒன்று. பிறகு வளைகுடா முழுக்க, ஒன்றன்பின் ஒன்றாக, பனிக்குள் எல்லாச் சத்தமும் அவிந்தது. நான் கொட்டகையில் ஐஸ் மெஷினை நிறுத்தினேன். அவ்வளவு தூரத்தில் அவளுக்கு அது கேட்டிருக்கவே முடியாது, எனக்கும் தெரியும். நிறுத்தாமல் இருக்க முடியவில்லை.

ரோவெனா ஜன்னலை ஒட்டி நின்று போனைக் காதில் வைத்தாள்.

“ஆமா, ரோவெனா ஸ்ப்ராக்தான் பேசறேன்.” எதிர்ப்பக்கம் ஏதோ கேட்டார்கள். அவள் மெரிலின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

“இல்லங்க, தனியா இல்ல. சொல்லுங்க.”